புதன்கிழமையில் வந்த ஞாயிறு

1

மூக்கண்டப்பள்ளி சபை மடலை வாசிக்கிற எல்லாருக்கும் மஸ்கட்டிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும். லேத் மிஷின் ஓட்டுகிற டர்னர் சாமுவேல் வீட்டுக்காரி, பாட்டு முடிந்த பிறகும் வாய் மூடாதவள் என்றால் உடனே ஞாபகம் வந்துவிடும். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். மீதிப் படிப்பையெல்லாம் மளிகைக்கடைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதங்களை வாசித்துத்தான் படித்தேன். அதனால் எழுத்தில் பேச்சு வழிந்தால் துடைத்துவிட்டு வாசியுங்கள்.

இதை மடலுக்கான கட்டுரை என்று ஆரம்பிக்கவில்லை. ஒரு கடிதம் வாங்கப் போனேன். வாங்காமல் வந்தேன். அந்தக் கடிதத்துக்குப் பதிலாகத்தான் இது.

விஷயம் இதுதான். என் மகன் ஜோயலுக்குப் பதினேழு முடியப் போகிறது. இங்கே பதினெட்டு ஆன ஆண்பிள்ளை அப்பாவின் விசாவில் தங்க முடியாது. போன மாதம் அவனுடைய தாள்களைப் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் முத்திரையைக் குத்திவிட்டு, "திஸ் இஸ் லாஸ்ட்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். தினமும் நூறு பேரிடம் சொல்கிறவர். "ஸ்வல்ப நில்லி சார்" என்றேன். கொஞ்சம் நில்லுங்கள் என்று அவரிடம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்! பயம் வந்தால் எனக்கு இன்னும் ஓசூர் பஸ் நிலையத்துப் பாஷைதான் வருகிறது.

வெளியே வந்ததும் ஜோயல் சிரித்தான். "அம்மா, அவர் பாகிஸ்தானோ ஓமானோ தெரியல. கன்னடம் மட்டும் இல்ல."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைகளை எண்ணினேன். அவன் கிளம்ப இன்னும் முப்பத்தொரு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

2

ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்பீர்கள். இங்கே எங்களுக்கு ஆராதனை வெள்ளிக்கிழமைதான். ஞாயிறு வேலை நாள். ஒரே மண்டபத்தை எல்லா மொழிக்காரர்களும் மணிக்கணக்கு வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறோம். எங்கள் கடைசிப் பாட்டுக்கு மலையாளத்துச் சபையார் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அவர்கள் முடிக்கிறபோது தெலுங்குக்காரர்கள் வந்து நிற்பார்கள். பிரசங்கம் ஐந்து நிமிடம் நீண்டால் முழு ஊரும் தாமதம்.

எங்கள் வீட்டுக்காரர் இங்கேயும் லேத்தில்தான் நிற்கிறார். மகள் கிரேஸ் பன்னிரண்டு வயதில் தமிழைத் தமிழ் மாதிரி ஆரம்பித்து, நடுவில் இந்திக்குப் போய், இங்கிலீஷில் முடிக்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு பேரும் உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறோம். அது ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் கொஞ்ச காலமாக ஜோயல் வாயைத் திறப்பதில்லை. முறை அவனுக்கு வந்தால் அமைதியாக இருப்பான். எண்ணிப் பார்த்தால் பத்து விநாடிதான் இருக்கும். எனக்கு அது பத்து வருடம். பிறகு அவன் அப்பா அவனுக்கும் சேர்த்து ஆமென் சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு அவன் வருவதில்லை. முதலில் டியூஷன் என்றான். டியூஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. ஒரு நாள் அவர் கேட்டதற்கு மெதுவாகச் சொன்னான்: "அப்பா, நான் நம்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. தெரியாம அங்க வந்து கண்ண மூடிட்டு உக்கார எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவருக்குத் திருநெல்வேலி நிதானம். "ஏ எஸ்தரு, சாயங்காலம் ஜெபத்துல வந்து உக்காருதாம்லா. எந்திரிச்சிப் போவலல்லா. விடு" என்றார். விடு என்று எளிதாகச் சொல்லிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் போக லேத் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிற எனக்கு விடுவதற்கு ஒரு இடம் வேண்டாமா?

மண்டபத்தில் எல்லாரும் கேட்பார்கள். "ஜோயல் எங்க சிஸ்டர்?"

"தலைவலி" என்றேன். அடுத்த வெள்ளி, "தலைவலி விடல." அதற்கடுத்த வெள்ளி, "கண்ணாடி மாத்தணும் போல." நாலாவது வாரம் ஒரு அம்மா எனக்குத் தைலமே கொண்டுவந்து கொடுத்தார். பச்சைக்கலர் புட்டி. அதை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன்.

3

இந்த இடத்தில் நான் மூக்கண்டப்பள்ளிக்கு வந்துதான் ஆக வேண்டும். தைலப் புட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜோயலின் வயிறு ஞாபகம் வந்தது. தலை இல்லை, வயிறு.

அவனுக்கு ஆறு வயது. கிரேஸ் கைக்குழந்தை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீட்டில் மூன்றாவது வாசல் எங்களுடையது. அப்போது மின்சாரத் தட்டுப்பாடு. எல்லாக் கம்பெனியும் ஒரே நாளில் ஓடினால் தாங்காதென்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கிழமை விடுமுறை ஒதுக்கியிருந்தார்கள். அவர் வேலை பார்த்த பட்டறைக்கு விழுந்தது புதன். ஞாயிறு முழு வேலை. பட்டறையில் இருந்தது ஒரே ஷிப்ட், காலை ஆறிலிருந்து இரண்டு வரை. ஆனாலும் பெரிய கம்பெனிகளைப் பார்த்து அதையும் 'ஏ ஷிப்ட்' என்றே பெருமையாகச் சொல்வார்கள்.

நமக்கோ ஞாயிறு காலை ஒரே ஆராதனை. போதகர் ஐயா அதை முடித்துவிட்டு மொபெட்டில் தேன்கனிக்கோட்டைக்குப் போக வேண்டும். ஆக, நான் ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைக் கையிலும் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருவேன். அவர் லேத்தில் நிற்பார். இப்படி எட்டு மாதம்.

ஒரு நாள் ஞாயிறு பள்ளியில் புதிதாக வந்த டீச்சர் ஜோயலைக் கேட்டிருக்கிறார்: "தம்பி, உங்க அப்பா எந்தச் சபை?"

"ஏ ஷிப்ட்டு" என்றானாம்.

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா பாட்டுப் புத்தகம் பிடித்திருப்பதை இந்தப் பிள்ளை பார்த்ததே இல்லையே.

அன்றைக்கு அவரிடம் சொன்னேன்: "இனிமே நம்ம வூட்டுக்குப் புதன்கெழமதான் ஞாயித்துக்கெழம."

"சாயங்காலம் வச்சிக்கிடுவோமா? பய பள்ளிக்கூடம் விட்டு வந்துருவாம்லா."

நான் கேட்கவில்லை. சாயங்காலம் வைத்தால் அது வெறும் குடும்ப ஜெபம், காலை ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வைத்தால்தான் ஆராதனை என்று என் தலைக்குள் ஒரு சட்டம். யார் போட்ட சட்டம் என்று இன்றுவரை தெரியாது. "பள்ளிக்கூடத்துல நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அடுத்த புதன் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, கறி எடுத்து, பாய் விரித்து, ஒன்பதரைக்கு டாண் என்று ஆரம்பித்தோம். அவர் வாசிப்பார். நான் பாட்டைப் பிடிப்பேன். ஜோயல் கடைசியில் ஜெபம் பண்ணுவான். அப்பா மடியில் சாய்ந்துகொண்டுதான் அவன் பாடினான். பக்கத்து வாசல் நூர்ஜஹான் அக்கா கீரை ஆய்கிற சாக்கில் எங்கள் படியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் வீட்டுக்காரருக்கு மண்டியில் மாங்காய் வியாபாரம்.

"எங்களுக்கு வெள்ளிக்கெழமன்னா வெள்ளிக்கெழமதான், எவனும் அசைக்க முடியாது" என்று அக்கா சிரிக்கும். "உங்களுக்குப் பாரு, கரண்டு ஆபீஸ்காரன் நாள் குறிச்சுக் குடுக்கிறான்!"

பள்ளிக்கூடத்தில் நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு விடுப்புக் கடிதம் எழுதி மறுநாள் ஜோயலின் பைக்குள் வைத்தேன். மகனுக்கு வயிற்றுவலி.

4

நாலு புதன்கிழமை. நாலு கடிதம். ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார். வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்து அம்மா. பேச்சில் வெல்லமும் இருக்கும், மிளகாயும் இருக்கும். மேசை மேல் என் நாலு கடிதத்தையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"கையெழுத்து முத்து முத்தா கீதும்மா. ஆனா இன்னாத்துக்கு உன் புள்ளைக்கு காலண்டர் பாத்து வயிறு வலிக்குது?"

நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"உன்னத் திட்ட வேணான்னுதான் மொதல்ல அவனைக் கேட்டேன். 'எனக்கு வலிக்கல டீச்சர், புதன்கிழமை எங்க வூட்ல ஞாயித்துக்கெழம'ங்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே கடிதங்களை அடுக்கினார். "உங்க சாமி விஷயத்துல நான் வர்ல. ஆனா ஆறு வயசுப் புள்ளைக்குப் பொய்க் கடுதாசி தூக்கினு வர்ற வேலைய மட்டும் குடுக்காத. அவனால முடியல, பாவம்."

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே கடையில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "புதுசா ஒரு சபை ஆரம்பிச்சிருக்கீங்களாமே? புதன்கெழமக்காரங்களாமே நீங்க?" பேச்சு அப்படித் திரும்பியிருக்கிறது. போதகர் ஐயா காதுக்கும் போய்விட்டதாம். கிரேஸுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இன்னும் இரண்டே வாரம் இருந்தது. குறித்திருந்த ஞாயிற்றுக்கு எங்கள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்குமா என்பதே தெரியாது. இதில் எங்கள் பெயரை வேறு அடித்துவிட்டார்கள் என்றால்? சபையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றால்?

இத்தனைக்கும் பிறகு நான் செய்தது என்ன தெரியுமா? மறுநாள் புதன்கிழமையும் பிள்ளையை நிறுத்திக்கொண்டேன். இந்த முறை கடிதம் எழுதப் போவதில்லை, கடிதம் இல்லாவிட்டால் பொய்யும் இல்லை என்று என் மூளை கணக்குப் போட்டது. ஒரே ஒரு வாரம், அடுத்த வாரத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. அவர் வாசித்து முடித்தார். வெளியே மொபெட் சத்தம் கேட்டது. நூர்ஜஹான் அக்காவின் குரல்: "வாங்க ஐயா. உள்ள ஞாயித்துக்கெழம நடந்துக்கினு கீது."

கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஜோயல் ஏற்கெனவே ஜெபத்தை ஆரம்பித்திருந்தான்.

"ஆண்டவரே, எனக்கு வயித்துவலி இல்ல. அம்மாதான் அப்படி எழுதிட்டாங்க. அம்மாவுக்கு வேற எழுதத் தெரியல. அம்மாவ அடிச்சிடாதீங்க. இன்னைக்குக் கடுதாசியும் இல்ல. நாளைக்கு டீச்சர் என்னைய வெளிய நிக்க வெப்பாங்க. நீங்களும் வந்து கூட நில்லுங்க. அப்பாவுக்கு லீவு தந்ததுக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

ஆமென் என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. போதகர் ஐயா.

கண்ணைத் திறந்தபோது எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கடுதாசி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். விசாரிக்கத்தான் வந்திருந்தார். முகத்தில் அது தெரிந்தது. ஆனால் கேட்டது இதைத்தான்: "பாட்டு இன்னொண்ணு பாடலாமா? எத்தனாவது பாட்டு?" பாடினோம். காப்பி குடித்துவிட்டு எழுந்தவர் வாசலில் நின்று சொன்னார்: "புதன்கிழமை இருக்கட்டும்மா. வயித்துவலி வேண்டாம்."

ஜோயலைக் கையோடு மொபெட்டில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டார். அவனை யாரும் வெளியே நிறுத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் ஞாயிறு புதன் சாயங்காலம் நாலரைக்கு வந்தது. கிரேஸின் ஞானஸ்நானத்தையும் ஐயா ஒரு புதன் சாயங்காலத்துக்கே மாற்றிவிட்டார். "தகப்பன் நிக்கணும்ல" என்றார். அன்றைக்கு வரிசை வீடு முழுக்கக் கோயிலுக்கு வந்தது. நூர்ஜஹான் அக்கா ஒரு கூடை மாம்பழத்தோடு முதல் ஆளாக நின்றது.

அக்கா இன்னும் எனக்கு ஆள் வைத்துக் கடிதம் எழுதுகிறது. மஸ்கட் ஆராதனையைப் பற்றி எழுதியதற்கு வந்த பதில்: "பாத்தியா, கடைசியில எங்க நாளுக்கே வந்து சேந்துட்ட."

5

இப்போது கடிதத்துக்கு வருகிறேன்.

ஓசூர்ப் பக்கம் கல்லூரியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. நம் சபை நடத்துகிற மாணவர் விடுதியில் அவனைச் சேர்த்துவிட்டால் எனக்குப் பாதி பயம் போகும். இல்லையென்றால் பதினெட்டு வயதுப் பையன் தெரியாத நாலு பேரோடு அறை எடுத்துத் தங்க வேண்டும். அவன் என்ன சாப்பிடுவான், யாரோடு திரிவான், காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள்? வளர்ந்த ஊர்தான். ஆனால் எட்டு வயதில் விட்டுவந்த ஊர் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளுமா?

விடுதிக்கு இங்குள்ள சபையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். செயலர் தங்கராஜ் அண்ணனிடம் அச்சடித்த தாளே இருக்கிறது. பெயர், அப்பா பெயர், பிறந்த நாள். அதன் கீழே ஒரு வரி: 'இவர் ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறவர் என்று சான்றளிக்கிறோம்.'

போன வெள்ளி ஜோயலையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். கையெழுத்துப் போட அவன் நேரில் இருக்க வேண்டுமாம். அண்ணன் பேனாவைத் திறந்தார். "நம்ம எஸ்தர் சிஸ்டர் பையன்தானே. பாவம், தலைவலின்னு கேள்விப்பட்டேன். இப்ப எப்படிப்பா இருக்கு?"

ஜோயல் என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வையைத் தெரியும். அவனுடைய ஆறு வயதில் பார்த்தது.

"எனக்குத் தலைவலி இல்ல அங்கிள். எப்பவும் இருந்ததில்ல. நான்தான் வரல." பிறகு தாளைத் தொட்டுக் காட்டினான். "இந்த லைன எடுத்துட்டு சைன் பண்ண முடியுமா?"

"எடுத்துட்டா அப்புறம் இதுல என்னப்பா இருக்கு?" என்றார் அண்ணன். கோபத்தில் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

வெறுங்கையோடு வந்தோம். காரில் நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத நாளை எங்கள் வீட்டில் எல்லாரும் பயத்தோடு பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பச்சைப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். ஜோயல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கும் வேற எழுதத் தெரியலயாம்மா?" என்றான்.

அந்தப் புதன்கிழமை ஜெபத்தை அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அதற்கு முன்னால் சிரிப்பும் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, "அன்னைக்கு அந்தப் போதகரையா வந்து பாயில உக்காந்தாரு பாத்தியா" என்றார்.

6

ஆகையால் அன்பானவர்களே, சான்றளிக்க என்னிடம் அச்சுத்தாள் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். விடுதியில் முடிவெடுக்கிறவர்கள் இதையே கடிதமாக எடுத்துக்கொள்ளட்டும்.

என் மகன் ஜோயல் ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறவன் இல்லை. சாயங்கால ஜெபத்தில் வந்து உட்கார்கிறான், பேசுவதில்லை. நம்புகிறானா என்று கேட்டால் தெரியவில்லை என்கிறான். அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் சொல்லி அவன் பார்த்திருக்கிறான், இரண்டு முறை. அவனுக்கு இடம் கொடுத்தால் சந்தோஷம். கொடுக்க முடியாதென்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று அவனை எண்ணாதீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு அவனுக்கு ஒரு வலியைக் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். உங்களில் யாராவது ஒரு குடும்பம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் எப்போதும் நடக்கிற ஜெபம் நடக்கட்டும். அவன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவன் முறை வரும்போது பத்து விநாடி பொறுத்திருங்கள். அவன் அப்பா மாதிரி யாராவது ஒருவர் ஆமென் சொல்லிவிடுங்கள்.

இது வரை எழுதிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பான், வேகம் வராது. அதனால் நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றால் அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னேன். நாள்காட்டியில் இருபத்தேழு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

அவன் முழுவதும் கேட்டான். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முடிந்த பிறகும் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணினேன்.

"அம்மா, ஒண்ணு மாத்தணும்" என்றான்.

"எதடா?"

"புதன்கிழமைன்னு போடாதீங்க. அன்னைக்கு எனக்கு லேப் இருக்குமோ என்னவோ. அவங்களுக்கும் ஷிப்ட் இருக்கும். எந்த நாள் லீவோ அந்த நாள்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். மேலே புதன்கிழமை சாயங்காலம் என்று இருப்பதை அடித்துவிட்டு, எந்த நாள் லீவோ அந்த நாள் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.